வாசற்கதவும் வீதித் தடையும்

இணையத்தில் வரும் விளம்பரங்களைத் தடுத்து நிறுத்தும் மென்பொருளைப் பாவிப்பது களவா, உரிமையா என்னும் வழக்கு உலகின் பல நாடுகளில் ஆண்டுக்கணக்காக நடைபெற்று வருகின்றது. பெரும் பத்திரிகை முதலாளிகள் அதனைக் களவென்கின்றனர். பாவிப்போர் அதனைத் தற்காப்பு என்கின்றனர். இது பட்டினவாசிகளின் பொழுதுபோக்கு வழக்கு. தும்பறைப் பள்ளத்தாக்கிலே மிளகும் நெல்லும் விளைவிக்கும் உழவனுக்கும், கண்டி நகரிலே மருத்துவமனையிலும் நீதிமன்றத்திலும் பணிபுரியும் படித்தவனுக்கும் இதனால் ஆவதென்ன என்று கேட்போர் உளர். தெல்தெனியவை அறிந்தோர் அங்ஙனம் கேட்கமாட்டார். தடுத்தல் என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை பொருள் அடங்கியிருக்கின்றது என்பதை இந்நாட்டுக்குக் கற்பித்த ஊர் அது.

விக்டோரியா நீர்த்தேக்கத்துக்காகத் தன் பழைய நகரை நீருக்குக் கொடுத்துவிட்டு மேட்டிலே புதிதாய் எழுந்த ஊர் தெல்தெனிய. 2018 பெப்ரவரி 22 ஆம் நாள், அங்கே வீதித் தகராறு ஒன்றில் லொறிச் சாரதி ஒருவர் தாக்கப்பட்டார். மார்ச் மாதத் தொடக்கத்தில் உயிர் நீத்தார். குற்றஞ் செய்தோரைச் சட்டத்தின் முன் நிறுத்துவதோடு முடிந்திருக்க வேண்டிய அவ்விடயம், ஓரினத்தின் மீது மற்றோரினத்தை ஏவிவிடும் கருவியாக்கப்பட்டது. திகனையிலும் தெல்தெனியவிலும் சுற்றுப்புற ஊர்களிலும் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன; பல தீக்கிரையாயின. எரிந்த கட்டடமொன்றினுள் அகப்பட்ட இளைஞர் ஒருவர் மாண்டார். மார்ச் 6 ஆம் நாள் அவசரகால நிலை பிரகடனமாயிற்று. 2011 இற்குப் பின் நாடு முழுவதற்கும் அவ்வாறு செய்யப்பட்டது அதுவே முதன்முறை. மறுநாள் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் ஆகிய நான்குக்கும் அரசினர் தடை விதித்தனர். பேஸ்புக் மீதான தடை மார்ச் 15 ஆம் நாளே நீங்கியது.

ஆறு வாரங் கழித்து, அதே ஆண்டு ஏப்ரல் 19 ஆம் நாள், ஜெர்மனியின் சமஷ்டி உயர் நீதிமன்றம் வேறொரு தடையைப் பற்றித் தீர்ப்புக் கூறியது. அக்செல் ஸ்பிரிங்கர் என்னும் பெரும் பத்திரிகை நிறுவனம், விளம்பரங்களைத் தடுக்கும் அட்புளொக் பிளஸ் என்ற மென்பொருளை நடத்தும் கொம்பனி மீது தொடுத்த வழக்கு அது. அம்மென்பொருளை மக்களுக்கு அளிப்பது நியாயமற்ற போட்டியாகாது என்பதே தீர்ப்பு.

ஒன்றையொன்று அறியாத இவ்விரண்டு தடைகளையும் நாம் அருகருகே வைத்துப் பார்க்க விரும்புகின்றோம். ஒன்று, குடிமகன் தன் கையால் தன் வாசற்கதவைச் சாத்துவது. மற்றையது, ஆட்சியாளர் ஊர் வீதியை மறித்துக் கட்டுவது. முன்னையதைக் குற்றமென்பதும் பின்னையதைக் காவலென்பதும் இக்காலத்தின் தலைகீழ் நியாயங்களாகிவிட்டன. இந்நியாயங்களை நாம் ஏற்பதற்கில்லை.

களவென்னும் குற்றச்சாட்டு

விளம்பரக்காரர் தரப்பின் வாதத்தை முதலிற் கேட்போம். செய்தி வானிலிருந்து விழுவதில்லை. நிருபருக்குச் சம்பளம் வேண்டும், ஆசிரியருக்கு வேண்டும், கணினிக்கும் மின்சாரத்துக்கும் பணம் வேண்டும். வாசகன் காசு கொடுக்காமற் படிக்கின்றான். அவன் பார்க்கும் விளம்பரமே அதற்கு விலை. விலையைத் தடுத்துவிட்டுப் பொருளை மட்டும் எடுப்பது களவன்றோ என்பது அவர் வாதம்.

இவ்வாதத்தை நாம் இகழவில்லை. இவ்விதழும் ஒரு பகுதி விளம்பரத்தால் வாழ்வதே. ஆயினும் எம்முடைய விளம்பரத்துக்கும் இணைய விளம்பரத்துக்கும் உள்ள வேறுபாட்டை வாசகர் எண்ணிப் பார்க்க வேண்டும். இத்தாளிலே வரும் உர விளம்பரத்தைப் படிப்பவன் தமிழாசிரியனா, தோட்டத் தொழிலாளியா என்பதை அவ்விளம்பரம் அறியாது. பக்கத்தைப் புரட்டினால் அது போயிற்று. வாசகனின் பின்னால் அவன் வயல்வரை அது நடந்து செல்வதில்லை. இணைய விளம்பரமோ அவன் எதைத் தேடினான், எங்கே நின்றான், எத்தனை நொடி பார்த்தான் என்பவற்றையெல்லாம் குறித்துக்கொள்கின்றது. அவன் ஒரு பக்கத்தைத் திறந்து, எழுத்துகள் தோன்றுவதற்குள், அவனுடைய கவனம் ஏலத்தில் விடப்பட்டு விற்றும் முடிந்துவிடுகின்றது. ஏலம் நடந்ததும் அவனுக்குத் தெரியாது. வாங்கியவன் பெயரும் தெரியாது.

இன்னுமொன்று. தம்புள்ளைச் சந்தையில் அன்றைய போஞ்சி விலை என்னவென்று கைத்தொலைபேசியிற் பார்க்க விரும்பும் உழவன், முதலில் தன் காசில் டேட்டா வாங்குகின்றான். விலைப்பட்டியலுக்கு முன் ஓடும் படக்காட்சி விளம்பரம் அந்த டேட்டாவையே தின்கின்றது. தன்னைப் பார்க்கும்படி கட்டாயப்படுத்தும் பொருளுக்குத் தானே கூலியும் கொடுக்கும் நிலை அவனுடையது. அவனை நோக்கித் திருடன் என்று விரல் நீட்டுவது எவ்வளவு துணிச்சல்!

விளம்பரம் என்ற போர்வையில் வருவன யாவும் விளம்பரமுமல்ல. உடனடிக் கடன் என்று ஆசை காட்டுவன, சட்டம் தடைசெய்துள்ள பிரமிட் திட்டங்களுக்கு ஆள் சேர்ப்பன, வங்கியின் பெயரைப் போலியாகத் தாங்கி வருவன ஆகியவற்றிற் சிக்கிச் சேமிப்பை இழப்போர் படிக்காதவர் மட்டுமல்லர். 2022 டிசம்பரில் அமெரிக்காவின் மத்திய புலனாய்வுத் துறையே, தேடுபொறிகளிற் போலி விளம்பரங்களால் மக்கள் ஏமாற்றப்படுவதை எடுத்துக்காட்டி, விளம்பரத் தடுப்பு மென்பொருளைப் பாவியுங்கள் என்று பொதுமக்களுக்கு அறிவுரை கூறியது. பொலிசாரே பூட்டை வாங்கிப் பூட்டுமாறு சொல்லும்போது, பூட்டியவனைக் கள்வன் என்பது எந்த ஊர் நியாயம்?

விளம்பரப் பணமேனும் செய்தி எழுதுவோர் கைக்கு முழுமையாகச் சேர்கின்றதா? பிரித்தானிய விளம்பரதாரர் சங்கம் 2020 இல் வெளியிட்ட ஆய்வின்படி, விளம்பரதாரர் செலவிட்ட பணத்திற் பாதியளவே, 51 வீதமே, பத்திரிகைகளைச் சென்றடைந்தது. 15 வீதம் எங்கே போயிற்று என்பதை ஆய்வாளராற் கண்டுபிடிக்கவே இயலவில்லை. எஞ்சியது தரகருக்கு. விளம்பரத் தொழில்நுட்பச் சந்தையின் முக்கிய பகுதிகளிற் கூகிள் நிறுவனம் சட்டவிரோதமாக ஏகபோகம் செலுத்தியது என்று 2025 ஏப்ரலில் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. விளைத்தவனுக்கும் உண்பவனுக்கும் இடையில் நின்று இருவரையும் சுரண்டும் தரகனை எங்கள் விவசாயிகளுக்கு நாம் அறிமுகஞ் செய்ய வேண்டியதில்லை. மரக்கறிச் சந்தையிலே காலங்காலமாக அவனைக் கண்டவர்கள் அவர்கள்.

ஆள் இருந்த இடமும் இல்லாத இடமும்

களவைப் பற்றி உபதேசிக்கும் நிறுவனங்களின் நெஞ்சத்தைத் தெல்தெனியவில் வைத்து நாம் உரசிப் பார்க்க வேண்டும். 2018 இல் பேஸ்புக் நிறுவனத்தின் வருமானம் ஏறத்தாழ 5,580 கோடி டொலர். அதில் 98 வீதத்துக்கு மேற்பட்டது விளம்பர வருமானம். மக்களை எவ்வளவு நேரம் திரையின் முன் பிடித்து வைக்கின்றதோ அவ்வளவுக்குப் பணம் என்பதே அத்தொழிலின் அடிப்படை. அச்சமும் ஆத்திரமும் மனிதரைப் பிடித்து வைப்பது போல அன்பும் அமைதியும் பிடித்து வைப்பதில்லை.

2016 ஆகஸ்டில், கணினிகளில் விளம்பரத் தடுப்பு மென்பொருள்களை முறியடித்து விளம்பரங்களைக் காட்டப்போவதாக அந்நிறுவனம் அறிவித்தது. அதற்குத் திறமையான பொறியியலாளர் இருந்தனர். நேரமும் பணமும் இருந்தன. ஓராண்டும் சில மாதங்களுங் கழித்து, கண்டி மாவட்டத்து முஸ்லிம்களைக் கொல்லுமாறு கூவிய பதிவுகளை இந்நாட்டுச் சமூக அமைப்புகள் முறையிட்டுக் காட்டியபோது, சிங்களத்தில் எழுதப்பட்ட அவ்வெறியை வாசித்து நீக்கப் போதிய ஆள் இருக்கவில்லை. விதிமீறல் எதுவுமில்லை என்ற பதிலே முறையிட்டோர் சிலருக்குக் கிடைத்தது. 2020 மே மாதத்தில், தன் தளம் தவறாகப் பாவிக்கப்பட்டதால் விளைந்த துன்பங்களுக்கு அந்நிறுவனம் மன்னிப்புக் கோரியது. எரிகிற வீட்டிற் பிடுங்கியது இலாபம் என்று முன்னோர் சொன்ன பழமொழிக்கு இதனிலும் தெளிவான உரை வேண்டுமோ? தன் விளம்பரத்தைக் காக்க ஆள் வைத்தவன் எங்கள் அயலவரின் உயிரைக் காக்க ஆள் வைக்கவில்லை. இத்தகையோர்க்கு, வாசகன் தன் கதவைச் சாத்துவதைக் குற்றமென்று கூறும் அருகதை இல்லை.

சட்டம் கூறுவது

ஜெர்மன் நீதிமன்றங்களில் இவ்வழக்கு நீண்டது. தொலைக்காட்சி விளம்பரங்களை மறைக்கும் கருவியொன்றை 2004 இலேயே அந்நாட்டு உயர் நீதிமன்றம் அனுமதித்திருந்தது. 2018 ஆம் ஆண்டுத் தீர்ப்பிலே, விளம்பரத்தைப் பார்ப்பதா வேண்டாமா என்பது பாவிப்பவனின் முடிவு என்றும், தடுப்பு மென்பொருளைக் கைவிடாதோர்க்குத் தன் பக்கங்களைத் திறக்காதிருக்கும் உரிமை பத்திரிகைக்கும் உண்டென்றும் அந்நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. இரு பக்கமும் கதவு. இரு பக்கமும் உரிமை. நாம் இதனை நீதியான நிலை எனக் கருதுகின்றோம். பதிப்புரிமையின் அடிப்படையில் அதே நிறுவனம் தொடுத்த மற்றொரு வழக்கை, மீள ஆராயுமாறு 2025 ஜூலை 31 ஆம் நாள் அந்நீதிமன்றம் ஹம்பர்க் மேல் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியது. பக்கத்தின் நிரற்குறிகளை வாசகனின் கணினியில் மாற்றுவது பதிப்புரிமையைத் தீண்டுமா என்பதே அங்குள்ள கேள்வி. முதலாளிகளின் பிடி முற்றாகத் தளரவில்லை என்பதை இது காட்டுகின்றது.

எங்கள் நாட்டிலோ, 2007 ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டம் அனுமதியின்றிப் பிறர் கணினியுட் புகுவோரைத் தண்டிக்க எழுந்தது. தன் கருவிக்குள் எது வரலாம் எது வரக்கூடாது என்று தீர்மானிப்பவன் பிறர் வீட்டுக்குள் நுழைபவனாகான். 2022 ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவருடைய தரவைக் கொண்டு அவருக்கு வணிகச் செய்திகள் அனுப்ப அவருடைய சம்மதம் வேண்டும் என்ற நெறியை ஏற்கின்றது. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பிரிவுகள் ஒத்திவைக்கப்பட்டன. ஆயினும் வேண்டாமென்று சொல்லும் உரிமையை இந்நாட்டுச் சட்டம் கோட்பாட்டளவிலேனும் ஒப்புக்கொண்டுவிட்டது. காட்டுப்பன்றிக்கு வேலி கட்டும் உழவனிடம், பன்றியின் உணவைப் பறிக்கின்றாய் என்று எவரும் வழக்காடுவதில்லை.

ஆயினும் வேலியைத் தானே கட்டுவது வேறு. வேலி கட்ட வந்தவன் வாயிலிலே சுங்கம் வாங்குவது வேறு. அட்புளொக் பிளஸ் கொம்பனி, ஏற்கத்தக்கவை என்று தான் தெரிந்த விளம்பரங்களை உள்ளே விடுகின்றது. அதற்காகப் பெரிய நிறுவனங்களிடம் கட்டணமும் வாங்குகின்றது. 2015 இல் கரீபியன் நாடுகளிலே டிஜிசெல் என்னும் தொலைபேசிக் கொம்பனி, தன் வலையமைப்பு முழுவதிலும் விளம்பரங்களைத் தடுக்கத் தொடங்கி, தடை நீங்க வேண்டுமானாற் கூகிள் போன்றோர் பணந் தரவேண்டும் என்றது. இது வாசகனின் விடுதலையன்று. வழிப்பறிக்காரர் இருவரிடையே நடந்த பங்குச்சண்டை. கம்பியின் நடுவில் நிற்பவன் எதையும் தெரிந்து தடுக்கத் தொடங்கினால், இன்று விளம்பரத்தைத் தடுப்பவன் நாளை எங்கள் செய்தியைத் தடுப்பான். பாவிப்பவன் தானே அறிந்து தானே இடும் தடை ஒன்றையே நாம் ஆதரிக்கின்றோம்.

வீதியை மறித்த கை

இனி ஆட்சியாளரின் தடைக்கு வருவோம். திகனையிலே கும்பல்களைத் திரட்டியோர் வட்ஸ்அப்பையும் பேஸ்புக்கையும் பாவித்தனர் என்பது உண்மை. தீ பரவும் வேளையில் ஏதேனும் செய்யவேண்டும் என்று அரசினர் எண்ணியதையும் நாம் விளங்கிக்கொள்கின்றோம். ஆனால் நடந்ததென்ன? தடை வருமுன்னரே திகனை எரிந்துவிட்டது. தடை வந்த பின்னரும் மாற்று வழி மென்பொருள்களால் உள்ளே புகுந்தோர் பலர். வழி தெரிந்த விஷமிக்குத் தடை தடையாகவில்லை. ஊரடங்கிலே கதவடைத்து இருந்த ஏழைக்கு, அடுத்த ஊரிலுள்ள மகள் உயிரோடிருக்கின்றாளா என்று கேட்கும் எளிய வழி அடைபட்டது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை இது.

இன வெறுப்பைத் தூண்டுவோரைத் தண்டிக்கச் சட்டம் இல்லாதிருந்ததா? குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கைச் சட்டம் 2007 முதல் இருக்கின்றது. வெறுப்புப் பிரசாரத்தை அது குற்றமாக்குகின்றது. பெப்ரவரி 22 முதல் மார்ச் முதல் வாரம் வரை பொலிசாருக்கும் ஆட்சியாளருக்கும் நாட்கள் இருந்தன. பாவிக்க வேண்டிய சட்டத்தைப் பாவிக்க வேண்டிய நேரத்திற் பாவியாது, பின்னர் நாட்டு மக்கள் அனைவரின் வாயையும் செவியையும் ஒருசேரப் பொத்தினர்.

ஒருமுறை பழகிய கை மறுமுறை தயங்குவதில்லை. 2019 ஏப்ரல் 21 ஆம் நாள் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பின் பின் மீண்டும் தடை. மே மாதத்தில் மீண்டும். 2022 ஏப்ரல் 3 ஆம் நாள் இனக்கலவரமே இல்லை. ஆட்சியை எதிர்த்து மக்கள் வீதிக்கு இறங்கவிருந்தனர், அவ்வளவே. அன்றும் தடை. தீயை அணைக்க என்று வாங்கிய நீர்க்குழாய் மக்களை நோக்கித் திருப்பப்பட்டது. 2024 ஜனவரியில் நிறைவேற்றப்பட்ட நிகழ்நிலைக் காப்புச் சட்டம், எக்கூற்று உண்மை எக்கூற்று பொய் என்று தீர்மானித்து அணுக்கத்தைத் தடுக்கும் அதிகாரத்தை ஓர் ஆணைக்குழுவுக்கு அளிக்க முற்பட்டது. 1958 இன் அவசரகாலத் தணிக்கையையும், 1981 இல் யாழ்ப்பாணத்திலே ஈழநாடு அலுவலகம் எரிந்ததையும் நினைவில் வைத்திருக்கும் ஓர் இனம், அத்தகைய அதிகாரத்தை யாரிடமும் நம்பி ஒப்படைக்கவியலாது.

வாசகரின் கடன்

உரிமை பேசிய வாயாற் கடமையையும் பேச வேண்டும். எல்லோரும் எல்லா விளம்பரத்தையும் தடுத்து, ஒருவரும் ஒரு சதமும் கொடாதிருந்தால், முதலில் மடிவது கூகிளுமன்று, பேஸ்புக்குமன்று. மாகாண சபைக் கோவைகளைப் புரட்டிப் பார்க்கும் நிருபரும், தோட்ட லயங்களின் துயரை எழுதும் சிற்றிதழும், தமிழிலே வெளிவரும் சின்னஞ்சிறு வாரப் பத்திரிகையுமே மடியும். செல்வந்தர் சந்தா கட்டி நல்ல செய்தி படிப்பர்; ஏழைக்கு வதந்தி இலவசமாகக் கிடைக்கும். அவ்விலவசத்தின் விலை என்ன என்பதை 2018 மார்ச் எங்களுக்குச் சொல்லிவிட்டது.

ஆகவே, நான்கு கோரிக்கைகளை நாம் முன்வைக்கின்றோம்.

முதலாவது: தன் கருவியில் விளம்பரத்தைத் தடுப்பது குடிமகனின் உரிமை என்பதைச் சட்டம் ஐயத்துக்கிடமின்றிக் கூறவேண்டும்; தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஏட்டளவில் நின்றுவிடாது முழுமையாகச் செயற்பட வேண்டும்.

இரண்டாவது: தொடர்பாடலைத் தடுக்கும் எந்த அரச கட்டளையும் எழுத்தில், காரணத்தோடு, கால எல்லையோடு வெளியிடப்பட்டு, உடனடியாக நீதிமன்றத்தின் பரிசீலனைக்கு உள்ளாக வேண்டும். இவற்றுள் ஒன்றேனும் இல்லாத கட்டளை செல்லாது என்று சட்டமாக வேண்டும்.

மூன்றாவது: இந்நாட்டு மக்களிடம் விளம்பரத்தால் வருமானம் தேடும் பன்னாட்டு நிறுவனங்கள், விளம்பரம் கொடுத்தவர் யாரென்பதைப் பகிரங்கப்படுத்த வேண்டும், தமிழிலும் சிங்களத்திலும் வரும் முறைப்பாடுகளை அம்மொழிகள் அறிந்தோரைக் கொண்டு விசாரிக்க வேண்டும்.

நான்காவது கோரிக்கை வாசகராகிய உங்களிடம். பின்தொடரும் விளம்பரத்தையும் ஏமாற்றும் விளம்பரத்தையும் தயங்காது தடுங்கள். ஆனால் நீங்கள் நம்பிப் படிக்கும் ஏட்டுக்கு, அது எந்த ஏடாயினும், உங்களால் இயன்ற விலையைக் கொடுங்கள். கண்டியிலே வைத்தியரும் வழக்கறிஞரும் ஒரு சந்தாவை அதிகமாகக் கட்டி, தம் ஊர் நூல்நிலையத்துக்கோ கமக்காரர் சங்கத்துக்கோ ஓர் இதழை அனுப்பலாம். விவசாயி நான்கு பேர் சேர்ந்து ஓர் இதழை வாங்கலாம். பலருடைய சிறு காசில் வாழும் பத்திரிகை, ஒரு விளம்பரதாரனின் பெருங்காசுக்குப் பணியாது. ஓர் அமைச்சரின் மிரட்டலுக்கும் அஞ்சாது.

அவரவர் வீட்டுக் கதவின் தாழ்ப்பாள் அவரவர் கையில் இருக்கட்டும். ஊர் வீதி எல்லோருக்கும் திறந்திருக்கட்டும். தாழ்ப்பாளைப் பிடுங்க வரும் வணிகனையும், வீதியை மறிக்க வரும் ஆட்சியையும் ஒரே உறுதியோடு எதிர்க்க, தமிழ் பேசும் மக்கள் அனைவரும் ஒன்றுபட வேண்டுமென நாம் அறைகூவுகின்றோம்.